புற்றுநோய் அறிக்கையில் டி.என்.எம். குறியீட்டைப் படிப்பது எப்படி?

டி.என்.எம். (TNM) என்பது புற்றுநோய் எவ்வளவு பரவியுள்ளது என்று குறிக்கும் முறை. மார்பக அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் திசு ஆய்வறிக்கையில் ‘பிடி2 பிஎன்1’ (pT2 pN1) என்று இருந்தால், ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் உள்ள ஆங்கிலச் சிற்றெழுத்தை முதலில் பாருங்கள். ‘சி’ (c) என்பது உடற்பரிசோதனையும் ஸ்கேனும் கொண்டு கணித்த நிலை. ‘பி’ (p) என்பது அகற்றிய திசுவை நுண்ணோக்கியில் பார்த்து உறுதிசெய்த நிலை. அவற்றின் முன் ‘ஒய்’ (y) சேர்ந்தால், கீமோதெரபி போன்ற சிகிச்சை பெற்ற பின் மதிப்பிட்டது என்று பொருள்.

அடுத்து ‘டி’ (T), அதாவது நோய் தொடங்கிய மூலக்கட்டி. மார்பகத்தில் டி2 என்றால் கட்டி 2 செ.மீ.க்கு மேல், 5 செ.மீ.க்கு மிகாமல் உள்ளது. பெருங்குடலிலோ அளவு பொருட்டல்ல, குடற்சுவரில் எவ்வளவு ஆழம் ஊடுருவியது என்பதே கணக்கு. ஆகவே ஓர் உறுப்பின் டி2-ஐ இன்னொன்றின் டி2-வுடன் ஒப்பிட வேண்டாம். ‘என்’ (N) என்ற எழுத்து அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியதையும், ‘எம்’ (M) என்ற எழுத்து தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவியதையும் குறிக்கும். இம்மூன்றையும் சேர்த்தே நோயின் நிலை கணிக்கப்படுகிறது.

பலரும் கவனிக்காமல் விடுவது பதிப்பு எண். பிரெஞ்சு மருத்துவர் பியேர் தெனுவா 1940களில் உருவாக்கத் தொடங்கிய இம்முறையை, சர்வதேசப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டு ஒன்றியம் 1968இல் நூலாக்கியது. அமெரிக்கப் புற்றுநோய்க் கூட்டுக்குழுவின் விதிகளும் 1987இல் அதனோடு ஒருங்கிணைந்தன. விதிகள் பதிப்புக்குப் பதிப்பு மாறும்: எச்.பி.வி. வைரஸால் வரும் தொண்டைப் புற்றுநோயில், ஏழாம் பதிப்பில் நான்காம் நிலை எனப்பட்ட பலர் எட்டாம் பதிப்பில் முதல் நிலைக்கு வந்தனர். நோய் குறையவில்லை, அளவுகோல்தான் மாறியது. எனவே பழைய அறிக்கையுடன் வேறு மருத்துவமனைக்குச் செல்பவர்கள், எந்தப் பதிப்பின்படி நிலை குறிக்கப்பட்டது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.