பெர்லின் – ப்ராக் – வியன்னா: ரயில் டிக்கெட்டை மலிவாகப் பிடிப்பது எப்படி?

போன வருஷம் அண்ணனும் அண்ணியும் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். பெர்லினில் கிளம்பி ப்ராக், அங்கிருந்து வியன்னா என்று ஒரு சுற்று. டிக்கெட் எடுக்கும் வேலை என் தலையில். இரண்டு ராத்திரி மண்டையை உடைத்துக் கற்றுக்கொண்டதை எழுதிவைக்கிறேன். பாஸ்போர்ட், விசா, எந்த ஊரில் எத்தனை நாள் என்பதெல்லாம் நீங்களே முடிவு செய்திருப்பீர்கள். நேரே டிக்கெட்டுக்கு வருகிறேன்.

படி 1: பாஸ் வேண்டாம்

எல்லோரும் முதலில் கேட்பது யூரெயில் பாஸ், அதாவது பல நாட்டு ரயில்களுக்கும் சேர்த்து எடுக்கும் ஒரே சீட்டு. (ஐரோப்பாவில் குடியிருப்பவர்களுக்கு அது இன்டர்ரெயில், யூரெயில் வெளியிலிருந்து வருபவர்களுக்கு.) இரண்டு மூன்று ஊருக்கு அது வீண் செலவு. இரண்டு வாரம் ஊர் ஊராகச் சுற்றுவதாக இருந்தால் யோசியுங்கள். அப்போதும் பிரான்சின் டிஜிவி மாதிரி அதிவேக வண்டிகளில் பாஸுக்கு மேல் இருக்கைக்குத் தனியாகக் காசு கட்டவேண்டும்.

படி 2: நாளைத் தள்ளிப் பாருங்கள்

விமான டிக்கெட் மாதிரிதான் இங்கேயும். மலிவு டிக்கெட் கொஞ்சம்தான் இருக்கும், தீரத் தீர விலை ஏறும். வெள்ளி சாயங்காலமும் ஞாயிறும் கொள்ளை விலை. செவ்வாய், புதன் மதிய வண்டிகளை முதலில் பாருங்கள். டிசம்பர் நடுவில் ஐரோப்பா முழுக்கக் கால அட்டவணை மாறும். அதற்குப் பிந்தைய தேதிகளுக்கு டிக்கெட் திறக்கத் தாமதமாகலாம். காணோமே என்று பதறவேண்டாம்.

படி 3: ஒரே வண்டி, இரண்டு கடை

காசு மிச்சமாவது இங்கேதான். பெர்லின்–ப்ராக் வண்டியை ஜெர்மனியின் டாய்ச்ச பானும் செக் நாட்டின் செஸ்கே ட்ராஹியும் சேர்ந்து ஓட்டுகின்றன. அதே வண்டி, அதே இருக்கை. ஆனால் இரண்டு பேரின் இணையதளத்திலும் விலை வேறு. இரண்டிலும் தேடிவிட்டு வாங்குங்கள். நான் பார்த்தவரை செக் தளம்தான் பெரும்பாலும் மலிவு. அங்கே விலை கொருனாவில் வரும். ஒரு யூரோவுக்கு ஏறக்குறைய 25 கொருனா என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டும்போது எந்தப் பணத்தில் வேண்டும் என்று கேட்டால் கொருனாவையே தொடுங்கள். ‘உங்கள் நாட்டுப் பணத்தில்’ என்பதைத் தொட்டால் மாற்று விலையில் தீட்டிவிடுவார்கள்.

எல்லாக் கம்பெனி டிக்கெட்டும் ஒரே இடத்தில் கிடைக்கும் என்று சொல்லும் இடைத்தரகு ஆப்கள் எனக்குப் பிடிக்காது. சிலது கட்டணம் கூட்டும். ஏதாவது ஆனால் ‘கம்பெனியைக் கேளுங்கள்’, ‘ஆப்பைக் கேளுங்கள்’ என்று பந்தாடுவார்கள். நேரம் பார்க்க மட்டும் டாய்ச்ச பானின் ஆப் போதும். பக்கத்து நாட்டு வண்டிகளும் அதில் தெரியும்.

ப்ராக்–வியன்னா இன்னும் நல்லது. நாலு மணி நேரப் பயணம். ரெயில்ஜெட் (செக், ஆஸ்திரிய ரயில்வேக்கள் ஓட்டுவது), ரெஜியோஜெட் (செக் தனியார் கம்பெனி) என்று இரண்டு வண்டிக்கும் போட்டி. நாங்கள் போனது ரெஜியோஜெட்டின் மஞ்சள் வண்டி.

படி 4: டிக்கெட்டை வெட்டாதீர்கள் (நான் வெட்டினேன்)

பெர்லின்–டிரெஸ்டன் (வழியில் வரும் ஜெர்மன் ஊர்) ஒன்று, டிரெஸ்டன்–ப்ராக் ஒன்று என்று தனித்தனியாக எடுத்தால் ஆளுக்கு 6 யூரோ மிச்சம் என்று கண்டுபிடித்தேன். நடுவில் 14 நிமிடம். போதாதா என்ன என்று எனக்கு ஒரு மிதப்பு. முதல் வண்டி 25 நிமிடம் தாமதம். டிரெஸ்டன் நடைமேடையில் அண்ணி இட்லிப் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி, “தம்பி, நம்ம வண்டி எதுப்பா?” என்றார். அது போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

மலிவு டிக்கெட்டுகள் அந்த ஒரு வண்டிக்கு மட்டுமே செல்லும். மூன்று பேருக்கும் புது டிக்கெட், முழு விலை. 18 யூரோ மிச்சம் பிடிக்கப்போய் அதைப்போல் பல மடங்கு அழுதேன். பெர்லினிலிருந்து ப்ராக் வரை ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால், இணைப்பு தவறினாலும் கூடுதல் காசில்லாமல் அடுத்த வண்டியில் போயிருக்கலாம். சேருமிடத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமானால் டிக்கெட் விலையில் 25 சதவீதம், இரண்டு மணி நேரம் தாண்டினால் 50 சதவீதம் திரும்பக் கேட்க ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில் இடமுண்டு. இரண்டு டிக்கெட்டாக இருந்தால் தாமதக் கணக்கும் தனித்தனிதான்.

பிரித்தே ஆகவேண்டும் என்றால் நடுவில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள். டிரெஸ்டனில் சுற்றிப் பார்க்க நிறைய இருக்கிறது.

படி 5: இறங்கும் இடம்

ப்ராக்கில் முதலில் ஹோலெஷோவிட்சே ஸ்டேஷன் வரும். ‘ப்ராக்’ என்று பார்த்ததும் பாதிப் பேர் பெட்டியை இறக்குவார்கள். உட்காருங்கள், மெயின் ஸ்டேஷன் அடுத்தது. பலகையில் ‘ஹெச்.எல். என்.’ என்று செக் மொழியில் சுருக்கமாக இருக்கும்.

பிற்சேர்க்கை 1: 4-ஆம் படியைப் படித்த ஒருவர், “அன்றைக்கே கண்டக்டரிடம் தாமதத்துக்கு ஒரு முத்திரை வாங்கியிருக்கலாமே” என்று கேட்டிருந்தார். எனக்குத் தெரியாத விஷயம். நாடு விட்டு நாடு போகும் பயணத்தில் தனித்தனி டிக்கெட் வைத்திருந்தாலும், இதற்கென்று உள்ள ஒப்பந்தத்தில் சேர்ந்த ரயில்வேக்கள் (டாய்ச்ச பான், செஸ்கே ட்ராஹி, ஆஸ்திரியாவின் ஓ.பி.பி. எல்லாம் உண்டு) அடுத்த வண்டியில் இடமிருந்தால் ஏற்றிக்கொள்வதுண்டு. புது டிக்கெட் எடுக்கும் முன் அந்த முத்திரையைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள். ரெஜியோஜெட் இதில் இல்லை.

பிற்சேர்க்கை 2: ஊரிலிருந்து வருபவர்கள் மூன்று பேர் ஒரே புலம்பலை எழுதியிருக்கிறார்கள்: இங்கே இறங்கி டிக்கெட் எடுத்தால் கார்டுக்கான ஓடிபி நம்ம ஊர் நம்பருக்குப் போகிறது, அந்த சிம் வேலை செய்யவில்லை. கிளம்பும் முன்பே வீட்டில் உட்கார்ந்து எடுத்துவிடுங்கள். அப்போதே ப்ராக் போகும் திசையில் இடது பக்க ஜன்னலையும் கேளுங்கள். டிரெஸ்டன் தாண்டியதும் எல்பே ஆறு அந்தப் பக்கம்தான், அக்கரையில் பாஸ்டைப் பாறைகள். நாங்கள் வலது பக்கம் உட்கார்ந்து, வழி நெடுக எழுந்து எழுந்து எட்டிப் பார்த்தோம்.