மாத்திரையை நிறுத்தியவர் மீதே பழியா? காசநோய் உதவிச் சேவைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காசநோய்க்கு அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். சாதாரண காசநோய் என்றால் ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டால் பெரும்பாலும் குணமாகிவிடும். அப்படியும் பாதியில் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று சொல்லிப் பதிவேட்டை மூடிவிடுவதுதான் முதல் தவறு.

ஒரு கட்டடத் தொழிலாளியை எடுத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு ஆள் எடுப்பது காலை ஏழு மணிக்கு. மருந்து தரும் இடம் திறப்பது ஒன்பது மணிக்கு. மாத்திரை வாங்கப் போனால் அன்றைய கூலி போச்சு, பஸ் காசு வேறு. இருமல் நின்று உடம்பு கொஞ்சம் தேறியதும் அவர் வேலைக்குத்தான் போவார். அவரைத் திட்டிப் பயனில்லை. மாலையிலும் மருந்து கிடைக்க வேண்டும், அல்லது ஒரு மாத மாத்திரையை மொத்தமாகக் கையில் கொடுத்துவிட வேண்டும்.

அடுத்தது சாப்பாடு. 1956இல் சென்னையில் தொடங்கிய புகழ்பெற்ற ஆய்வு, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்ட ஏழை நோயாளிகளும் சானடோரியத்தில் (காசநோயாளிகளைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் மருத்துவமனை) இருந்தவர்களைப் போலவே குணமாவதைக் காட்டியது. நல்ல சாப்பாடு இல்லாவிட்டாலும் மருந்து வேலை செய்யும் என்பது அதில் தெரிந்தது. அதையே சாப்பாடு முக்கியமில்லை என்று எடுத்துக்கொண்டது பெரிய பிசகு. ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், நோயாளியோடு அவர் வீட்டாருக்கும் மாதாமாதம் அரிசி, பருப்பு கொடுத்தார்கள். வீட்டாருக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது.

ஊட்டச்சத்துக்காக மத்திய அரசு 2018 ஏப்ரல் முதல் மாதம் 500 ரூபாய் தருகிறது. 2024 நவம்பரில் அது 1,000 ஆனது. நல்ல விஷயம்தான். ஆனால் பணம் வங்கிக் கணக்குக்குத்தான் போகும். கணக்கே இல்லாதவருக்கும், கணக்கு முடங்கிக் கிடப்பவருக்கும் என்ன செய்வது? பணம் மிகவும் தேவைப்படுவது உடம்பு எலும்பும் தோலுமாக இருக்கும் முதல் இரண்டு மாதத்தில். நாலாவது மாதம் வந்து என்ன பயன்? கணக்கு சரியாகும்வரை பொருளாகவே கொடுக்கலாமே.

எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துவதும் ஆபத்து. தமிழ்நாட்டின் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' 2022இலிருந்து இதைச் சரியாகச் செய்கிறது. நோய் தெரிந்தவுடனே எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்றெல்லாம் பார்த்து, மோசமாக இருப்பவரை உடனே வார்டில் சேர்க்கிறார்கள்.

அப்புறம், வீட்டுக்குப் போகிற முறை. தெருமுனையில் நின்று "டிபி பேஷண்ட் வீடு எது?" என்று கேட்டால் போதும், வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள்; கல்யாணம் பேசிக்கொண்டிருக்கும் பெண் என்றால் கேட்கவே வேண்டாம். எங்கே, எப்போது சந்திக்கலாம் என்பதை முதல் நாளே நோயாளியிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

திருப்பூரில் வேலை பார்க்கும் ஒடிசாக்காரர் சிகிச்சையின் நடுவில் ஊருக்குக் கிளம்பினால், கையில் ஒரு கடிதத்தை மட்டும் கொடுத்து அனுப்பக் கூடாது. அவர் ரயில் ஏறுவதற்கு முன்பே அந்த ஊர் மையத்தோடு போனில் பேசி, அங்கே பார்க்க வேண்டியவரின் எண்ணையும் வழிக்குத் தேவையான மாத்திரையையும் கொடுத்தனுப்ப வேண்டும்.