சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளி ஒன்றை உள்ளே போய்ப் பார்க்க

பி.எட். படிக்கிற அண்ணன் பிள்ளைகள் ஊரிலிருந்து சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கும் என் வீட்டில் தங்க வந்தால், செந்தோசா சுற்றுலாத் தீவுக்கு அடுத்தபடி கேட்பது இதைத்தான்: "அத்தே, இங்க ஒரு ஸ்கூல உள்ள போய்ப் பாக்க முடியுமா?" முடியும். ஆனால் வாசலில் போய் நின்று கேட்டால் ஒருநாளும் முடியாது. இங்கே தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

முதலில் தேதி. இங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கி நவம்பரில் முடியும். மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒரு வாரம், ஜூனில் நான்கு வாரம் விடுமுறை. உங்கள் கோடை விடுமுறையில் வருவதென்றால் மே மூன்றாம் வாரத்துக்குள் வந்துவிடுங்கள். ஜூனில் வந்தால் பூட்டிய கேட்டைத்தான் பார்க்கலாம். தொடக்கநிலை 6 (ஆறாம் வகுப்பு) மாணவர்கள் பிஎஸ்எல்இ என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதும் செப்டம்பர் கடைசி, அக்டோபர் பக்கம் கேட்கவே வேண்டாம்.

அனுமதிக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே பள்ளி முதல்வருக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் போடுங்கள். கல்லூரித் துறைத்தலைவரின் கடிதம், கடப்பிதழில் (பாஸ்போர்ட்டில்) உள்ளபடி பெயர், எந்தப் பாடத்தைப் பார்க்க ஆசை, இங்கே யார் வீட்டில் தங்குகிறீர்கள் என்பது போதும். "இன்டியன் எஜுகேஷன் சிஸ்டம்" என்று இரண்டு பக்கக் கட்டுரை எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். அந்தப் பள்ளியில் பிள்ளை படிக்கிற, பெற்றோர் ஆதரவுக் குழுவில் இருக்கிற சொந்தக்காரர் யாராவது உண்டா என்றும் விசாரியுங்கள். தெரிந்தவர் ஒரு வார்த்தை சொன்னால் பதில் சீக்கிரம் வரும். எல்லாப் பள்ளியிலும் தமிழ் வகுப்பு கிடையாது, அதையும் முன்னமே கேட்டுக்கொள்ளுங்கள். மறுத்துவிட்டால் விட்டுவிடுங்கள். தொடக்கநிலை 1 பதிவுக்கு முன்னால் பல பள்ளிகள் பெற்றோருக்காகப் பொது உபசரிப்பு (ஓப்பன் ஹவுஸ்) வைக்கும். அதில் கட்டடத்தையாவது பார்க்கலாம்.

போகிற அன்று ஏழு மணிக்கு வாசலில் இருங்கள். இங்கே விடிவதே அந்நேரம்தான், இருட்டு என்று படுத்திருக்காதீர்கள். காவலர் அறையில் கடப்பிதழைக் காட்டி, வருகையாளர் அட்டை வாங்கி, தெரியும்படி மாட்டிக்கொள்ளுங்கள். ஏழரை வாக்கில் கொடியேற்றம். தேசிய கீதம் மலாய் மொழியில்; அதன்பிறகு நெஞ்சில் கைவைத்துப் பற்றுறுதி, அதாவது நாட்டு உறுதிமொழி, சொல்வார்கள். நீங்கள் அசையாமல் நின்றால் போதும். பற்றுறுதியை 1966இல் எழுதியவர் சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர், நம் யாழ்ப்பாணத்து எஸ். ராஜரத்தினம் என்பதை அந்நேரம் நினைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை.

கைப்பேசி பைக்குள்ளேயே இருக்கட்டும். பிள்ளைகள் முகம் தெரியப் படம் எடுக்கவே கூடாது. நோட்டும் பென்சிலும் போதும்.

கணக்கு வகுப்பு கிடைத்தால் விடாதீர்கள். எண்ணை முதலில் கையில் தொட்டு, பிறகு படமாக வரைந்து, கடைசியில்தான் குறியீட்டுக்கு வருவார்கள். வாக்கியமாக வரும் கணக்கை நீளமான கட்டங்களாக வரைந்து பிரிக்கிற முறையை அப்படியே நோட்டில் வரைந்துகொள்ளுங்கள், ஊரில் நாளைக்கே உதவும்.

ஆனால் நான் உங்களை அனுப்புவதே தாய்மொழிப் பாடவேளைக்காகத்தான். மணி அடித்ததும் வகுப்பு சீனம், மலாய், தமிழ் என்று பிரிந்து வெவ்வேறு அறைக்குப் போகும். நம் பிள்ளைகள் சிறு கூட்டம். நடைபாதை முழுக்க ஆங்கிலத்தில் கதை பேசிக்கொண்டு வருவார்கள், அறைக்குள் நுழைந்ததும் "வணக்கம் ஆசிரியரே". அந்த மாற்றத்தைக் கவனியுங்கள். பலருக்கு வீட்டிலேயே ஆங்கிலம்தான். "நேத்து நான் போச்சு" என்று ஒரு பிள்ளை சொன்னால் சிரிக்காதீர்கள், திருத்தவும் வேண்டாம். அது ஆசிரியர் வேலை. நீங்கள் செய்யக்கூடியது ஒன்றே: உங்கள் ஊர்த் தமிழில் சாதாரணமாகப் பேசுவது. ஆங்கிலத்தில் நழுவ முடியாத ஓர் அக்கா அவர்களுக்கு அபூர்வம்.

மிட்டாய் வாங்கிப் போகாதீர்கள். ஒவ்வாமை, ஹலால் என்று ஆயிரம் இருக்கிறது. விளையாட்டுச் சாமான் கொண்டுபோங்கள். என் மருமகள் தூத்துக்குடியிலிருந்து மரப் பம்பரமும் சாட்டையும் கொண்டுவந்திருந்தாள். ஆணி இருப்பதால் முதலிலேயே ஆசிரியரிடம் காட்டி, தட்டு ஒன்றில் சுற்றிவிட்டாள். "அக்கா, எகேன், எகேன்!" என்று கத்திய நான்காம் நிலைப் பையனிடம், "தமிழ்ல கேட்டாத்தான் சுத்துவேன்" என்றாள். கொஞ்சம் யோசித்து, "இன்னும் ஒரு வாட்டி சுத்துங்க அக்கா, மெதுவா வேணாம், வேகமா" என்றான். அதுவரை ஒற்றைச் சொல்லிலேயே பதில் சொல்லிக்கொண்டிருந்த பையன்! ஆசிரியர் அன்றைய பயிற்சித்தாளை ஓரமாக வைத்துவிட்டு, பம்பரத்தைப் பற்றியே எல்லாரையும் பேசவிட்டார்.

இடைவேளையில் உணவகத்தில் பிள்ளைகளுக்குப் பின்னால் வரிசையில் நில்லுங்கள், தட்டை நீங்களே திருப்பி வையுங்கள். வகுப்பைப் பிள்ளைகளே கூட்டித் துடைப்பதையும் பார்த்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஆசிரியரிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்காதீர்கள் (கேட்கிறார்கள்!). வீட்டில் தமிழே பேசாத பிள்ளைக்கு முதல் மாதம் என்ன சொல்லிக்கொடுப்பீர்கள் என்று கேளுங்கள், நேரம் போவதே தெரியாமல் பேசுவார்.

அன்று மாலையே முதல்வருக்கும் ஆசிரியருக்கும் நன்றி எழுதிவிடுங்கள், ஆசிரியருக்குத் தமிழில். கல்லூரிக்கு எழுதும் அறிக்கையில் பிள்ளைகளின் பெயர் வரக்கூடாது. கொடுப்பதற்கு முன் ஒரு பிரதியை அந்த ஆசிரியருக்கு அனுப்பிக் காட்டிவிடுங்கள்.