பத்து வேலை தெரிந்தவர் ஒரு வேலை கேட்பது எப்படி

போட்டோ எடுப்பேன், வீடியோ எடிட் செய்வேன், ஃபிளெக்ஸ் டிசைன் போடுவேன், குரல் கொடுப்பேன், மொழிபெயர்ப்பேன் என்று ஒரே மூச்சில் சொன்னால், பாளையங்கோட்டையில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி காதில் விழுவது ஒன்றுதான்: “இவருக்கு எதுவும் முழுசா வராது.” அவர் தேடுவது டிசைனரை அல்ல, சரக்கு விற்க ஒரு வழியை. அந்த வழிக்குத் தேவையான திறமைகளை மட்டும் எடுத்து ஒரே வேலையாகக் கட்டிக் கொடுங்கள். மற்றவை அப்படியே இருக்கட்டும்.

பத்தமடையில் பாய் விற்பவரிடம் போகிறீர்கள் என்றால் முதலில் ஒரு பட்டுப்பாயை விலைக்கு வாங்கிப் படம் எடுங்கள். நேரே ஃபிளாஷ் அடித்தால் நெசவு மட்டையாகத் தெரியும்; காலை வெயில் சன்னல் வழியாகச் சாய்ந்து விழும்படி பாயை விரித்தால் ஒவ்வொரு கோரையும் தனித்துத் தெரியும். அந்தப் படத்தோடு இப்படி ஒரு செய்தி அனுப்பலாம்:

“அண்ணாச்சி, வணக்கம். உங்க பட்டுப்பாய்க்கு ஆறு போட்டோ, வாட்ஸ்அப் கேட்லாக், பாயோட உள்ள வைக்க தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் ஒரு சீட்டு, மூணும் சேத்து செஞ்சு தாரேன். அஞ்சு நாள் ஆகும். ரெண்டு தடவை திருத்தம் இதுலயே அடக்கம். பாதி முன்பணம், மீதி ஃபைல் கைக்கு வரும்போது.”

மொத்தத் தொகையையும் இதிலேயே எழுதிவிட வேண்டும். “பாத்துக் குடுங்க” என்று முடித்தால் பார்த்துத்தான் கொடுப்பார்கள். தொகையை வீடியோவின் நீளத்தை வைத்துக் கணக்கிடாதீர்கள், நாளை வைத்துக் கணக்கிடுங்கள். மூன்று நிமிட வீடியோவுக்குப் படப்பிடிப்பு அரை நாள், எடிட்டிங் இரண்டு நாள், திருத்தம் ஒரு நாள், திருநெல்வேலி டவுனிலிருந்து அம்பாசமுத்திரம் போய்வர அரை நாள்: ஆக நான்கு நாள் கூலி. கம்பெனிகள் பணம் தரும்போது பத்து சதவீதம் டிடிஎஸ், அதாவது வருமான வரியை முன்கூட்டியே, பிடிக்கலாம். கணக்குத் தாக்கல் செய்து சரிக்கட்டிக்கொள்ளலாம், ஆனால் கைக்கு வரும் முதல் பணம் குறையும். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை.

அச்சு வேலையில் அதிகம் கெடுவது தமிழ் எழுத்து. பழைய ஃபோட்டோஷாப்பில் பத்திக்கு ‘வேர்ல்டு ரெடி லேஅவுட்’ என்ற அமைப்பைப் போடாமல் யூனிகோடில் ‘கொடை’ என்று அடித்தால், கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இன்னொரு பக்கம், பழைய பாமினி எழுத்துருவில் வேலை செய்யும் அச்சகத்துக்கு யூனிகோடு ஃபைல் போனால் கட்டம் கட்டமாக வரலாம். எழுத்தை எல்லாம் அவுட்லைனாக, அதாவது வெறும் வடிவமாக, மாற்றி பிடிஎஃப் கொடுப்பதுதான் தீர்வு. திருத்துவதற்கான மூல ஃபைல் உங்களிடம் தனியாக இருக்கட்டும். நோட்டீஸுக்கு 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி), சிஎம்ஒய்கே என்ற அச்சு நிறமுறை, நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் வெட்டு மிச்சம். பத்துக்கு நாலு அடி ஃபிளெக்ஸுக்கு 72 டிபிஐ போதும், அதாவது 8640-க்கு 3456 பிக்சல். அதையும் 300-இல் கொடுத்தால் அச்சகக் கம்ப்யூட்டர் திணறும், திட்டு உங்களுக்குத்தான்.

இனி கூட்டாளிகள். வில்லுப்பாட்டைப் பற்றி ஒரு குறும்படம் எடுக்க நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவரே எல்லாம் செய்யக் கூடாத இடம் ஒலிப்பதிவு. வில்லில் கட்டிய மணிகள் ஓயாமல் குலுங்கும். பாடகர் சட்டையில் மைக் குத்தினால் மணிச் சத்தம் சொல்லை விழுங்கிவிடும். கோயில் மைக்செட் மிக்ஸரிலிருந்து ஒரு லைன் வாங்குங்கள், குடத்துக்கு அருகே தனியாக ஒரு மைக் வையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் ஃபைலாக, உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பதியுங்கள். பாட்டு சூடேறும்போது சத்தமும் ஏறும், அதற்குத்தான் இந்த இடைவெளி. கேமரா பிடிப்பவர் நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 நொடி வைக்கட்டும். 1/60 வைத்தால் நம்மூர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் டியூப்லைட்டும் சீரியல் செட்டும் திரையில் பட்டை பட்டையாக ஓடும்.

ஆள் தேடும்போது “ஆர்வமுள்ளவர்கள் வரலாம்” என்று எழுதினால் ஆர்வம் மட்டும்தான் வரும். “ஒலிப்பதிவுக்கு ஒருவர், இரண்டு இரவு, சொந்த ரெக்கார்டர் வேண்டும், சம்பளம் இவ்வளவு” என்று எழுதுங்கள். சம்பளம் இல்லையென்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை, அபிஷேகப்பட்டியில் இருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் தொடர்பியல் துறை இரண்டிலும் நேரில் போய்க் கேட்கலாம். தேர்வு மாதத்தில் போகாதீர்கள். வில்லுக் குழுவை எடுத்த எடுப்பில் கேமராவோடு அணுக வேண்டாம். பங்குனியிலிருந்து ஆவணி வரை ஊர்க் கோயில்களில் கொடை விழாக் காலம், செவ்வாயும் வெள்ளியும் பெரும்பாலும் ஊர் ஊராகப் போயிருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் போனால் உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும்.

முதல் நாள் படம் எடுப்பதற்கு முன்பே ஒரு பக்கத் தாள் எழுத வேண்டும். தெரிந்த பையன்தானே என்று விட்ட இடத்தில்தான் சண்டை வரும். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கும் படத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சொன்னவரே முதல் உரிமையாளர். எடுத்த படத்தை உங்கள் மாதிரித் தொகுப்பில் காட்டக்கூட அனுமதி எழுதி வாங்கியிருக்க வேண்டும் என்று பொருள். உரிமையை மாற்றிக் கொடுப்பதும் கையெழுத்திட்ட எழுத்தில்தான் செல்லும். 19-ஆம் பிரிவுப்படி, காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றே கொள்ளப்படும். வெளிநாட்டு விழாவுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் ‘உலகம் முழுவதும்’ என்ற இரண்டு சொல் விடுபடக் கூடாது. பாடுபவருக்குக் கலைஞர் உரிமை தனியாக 50 ஆண்டு உண்டு. முன்னின்று பாடும் புலவரிடம் மட்டும் வாங்கினால் போதாது. குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை என ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வேண்டும். வாசித்துக் காட்டிவிட்டு, தமிழில் எழுதிய தாளில் வாங்குங்கள்.

தாளில் மேலும் மூன்று வரி: வரவு வந்தால் யாருக்கு எத்தனை பங்கு, நடுவில் விலகுபவருடைய பங்கு என்ன ஆகும், டைட்டிலில் யார் பெயர் எப்படி வரும். பெயரை அவரவர் கையெழுத்திலேயே எழுதச் சொல்லிவிடுங்கள். முத்துலட்சுமி, முத்துலெட்சுமி ஆகிவிட்டால் படத்தை மறுபடி ரெண்டர் போட வேண்டிவரும்.