காங்கேசன்துறையில் ஒரு பகல், கையைக் கடிக்காமல்

2023 இல் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கு உல்லாசக் கப்பல் வரத் தொடங்கின நேரம், சென்னையில் இருக்கிற மச்சாள் குடும்பமும் ரிக்கற் எடுத்தது. கப்பலிலேயே விற்கிற கரைச் சுற்றுலா தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு. ஆறு பேருக்குத் தாங்காது. நான் இருக்கிறது கிளிநொச்சியில். "கிளிநொச்சிக்கே வந்திட்டுப் போறம்" என்றா மச்சாள். எனக்கும் ஆசைதான். ஆனால் ஏ9 வீதியால் வந்து திரும்பவே பகல் போய்விடும். தனியாக வெளிக்கிட்டவர்களுக்காகக் கப்பல் நிற்காது. "மச்சாள், நீங்கள் வரவேண்டாம், நான் வாறன்" என்றேன்.

விடிய பஸ் ஏறிப் போய், உள்ளூர் ஓட்டோக்காரர் இருவரிடம் முழுப் பயணத்துக்குமாக முதலே விலை பேசிவிட்டேன். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில், நகுலேஸ்வரம் சிவன் கோயில், கீரிமலை எல்லாம் துறைமுகத்துக்குக் கிட்ட. கோயிலுக்குக் கட்டணமில்லை. கீரிமலைக் கேணியில் சுவருக்கு அங்கால் கடல் அலை அடிக்கும், இங்கால் நல்ல தண்ணீர். பிள்ளைகளை வெளியே எடுக்கப் பெரும்பாடு. பெண்களுக்குத் தனிக் கேணி உண்டு. மாற்றுடுப்பும் துவாயும் கட்டாயம் வேணும்.

சாப்பாடு வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போனேன்: புட்டு, கத்தரிக்காய்ப் பொரியல். பாலைப்பழக் காலம் வேறு. எங்கள் வன்னிக் காட்டுப் பழத்தை அந்தப் பிள்ளைகள் கண்டதேயில்லை. பால் உதட்டில் ஒட்டிப் பிசுபிசுக்கப் பிசுபிசுக்கச் சின்னவள் இன்னும் கேட்டாள். பழத்தைக் கப்பலுக்குள் விடமாட்டார்கள், ஆகவே கரையிலேயே முடித்தோம்.

கப்பல் புறப்படுகிற நேரத்தைப் பார்க்காதீர்கள், எல்லோரும் ஏறியிருக்கவேண்டிய நேரத்தைப் பாருங்கள். அதற்கும் ஒரு மணித்தியாலம் முந்தியே அவர்களைத் துறைமுக வாசலில் விட்டுவிட்டேன்.