தாம்பரத்தில் வீடு, கடை பார்க்கிறவர்கள் செய்யும் தவறுகள்

தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோக்காரரிடம் முகவரிச் சீட்டை நீட்டிப் பாருங்கள். தெருப் பெயரை அவர் படிக்கவே மாட்டார். "ஈஸ்ட்டா, வெஸ்ட்டா?" என்பார். இந்த ஊருக்குக் குடிவருகிறவர்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் அதுதான். பெரும்பாலானோர் அதை அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் கேட்கிறார்கள்.

தண்டவாளம் ஊரை இரண்டாகப் பிளந்து போகிறது. மேற்கில் ஜி.எஸ்.டி. சாலை, சண்முகம் சாலைக் கடைத்தெரு, முடிச்சூர் சாலை. (இந்த ஜி.எஸ்.டி. வரி வருவதற்கு வெகு காலம் முன்பே வந்தது; கிராண்ட் சதர்ன் டிரங்க் சாலை.) கிழக்கில் வேளச்சேரி சாலை, சென்னை கிறித்தவக் கல்லூரி, விமானப்படை நிலையம், கேம்ப் ரோடு, சேலையூர். வரைபடத்தில் பார்த்தால் பிள்ளையின் பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர்தான் இருக்கும். நடுவில் தண்டவாளம் இருந்தால் தினமும் மேம்பாலம் ஏறிச் சுற்ற வேண்டும். காலை எட்டரை மணிக்கு அந்த ஒரு கிலோமீட்டர் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதைத் தரகர் சொல்ல மாட்டார். வேலை பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கமென்றால் கிழக்கு, ஒரகடம் அல்லது ஸ்ரீபெரும்புதூர் பக்கமென்றால் மேற்கு. ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போவது தவறு. வேலை நாளில், நீங்கள் கிளம்பக்கூடிய அதே நேரத்தில் போய்ப் பாருங்கள்.

அடுத்தது, எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு: மே மாதத்தில் வீட்டை முடிவு செய்வது.

என் நண்பர் ஒருவர் முடிச்சூர் பக்கம் அப்படித்தான் எடுத்தார். தரைத்தளம், காற்றோட்டம், வாசலில் மாமரம், வாடகையும் குறைவு. ஏன் குறைவு என்று யாரும் கேட்கவில்லை. பார்க்கப் போன அன்று நானும் கூட இருந்தேன். மின் மீட்டர் தலைக்கு மேல் இருந்தது. மீட்டரை எவ்வளவு உயரத்தில் மாட்டியிருக்கிறார்கள் என்று கிண்டலடித்துவிட்டு வந்தோம். நவம்பரில் அந்தக் கிண்டலுக்கு விளக்கம் கிடைத்தது. தண்ணீர் வடிந்த பிறகு சுவரைச் சுரண்டிப் பார்த்தால் புதுப் பெயின்டுக்குக் கீழே, இடுப்பளவில், பழைய வெள்ளத்தின் பழுப்புக் கோடு.

காரணம் எளிது. தாம்பரத்தின் மேற்குப் பக்கத்துத் தண்ணீர் அடையாற்றுக்குப் போகிறது. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பினால் வரதராஜபுரம், முடிச்சூர் வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். 2015 வெள்ளத்தில் அந்தத் தெருக்களில் படகு விட்டுத்தான் ஆட்களை மீட்டார்கள். கிழக்கு தப்பித்தது என்று நினைக்க வேண்டாம். அங்கே சிட்லபாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம் என்று ஏரிக்குப் பின் ஏரியாக, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குத் தண்ணீர் போகிறது. ஒரு ஏரி நிரம்பி அடுத்ததற்கு வழியும் அமைப்பு இது. நடுவில் இருந்த கால்வாயில் வீடு முளைத்தால் தண்ணீர் வீட்டுக்குள்ளாகப் போகும், வேறென்ன செய்யும்?

இது நேற்று வந்த வெள்ளமும் இல்லை. இதே மாநகராட்சிக்குள் இருக்கும் திருநீர்மலைக்குப் பெயரே நீரால் வந்தது. மலையைச் சுற்றித் தண்ணீர் சூழ்ந்து கிடந்ததால் திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து, வடிந்த பிறகு பெருமாளைச் சேவித்தார் என்கிறது தலபுராணம். ஆழ்வாருக்கே அந்தக் கதி.

ஆகவே வீடு பார்க்கும்போது அலமாரியையும் டைல்ஸையும் கொஞ்சம் விட்டுவிட்டு மீட்டர் உயரத்தைப் பாருங்கள். சாலை வாசற்படியை விட உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்ட தெருக்களில் வீடுகள் பள்ளத்தில் இறங்கிக் கிடக்கும். தெருப் பெயரில் ஏரி, தாங்கல், மதகு என்று ஏதாவது வருகிறதா பாருங்கள். அப்புறம், வீட்டுக்காரரைக் கேட்காதீர்கள். முனையில் இருக்கும் மளிகைக் கடைக்காரரைக் கேளுங்கள். அரிசி மூட்டையை எந்த வருஷம் பரணில் ஏற்றினார் என்று அவருக்கு மறக்காது.

சொந்தமாக வாங்குகிறவர்கள் "தாம்பரம் மாநகராட்சி" என்று விளம்பரத்தில் கண்டதும் நம்பிவிடுகிறார்கள். மாநகராட்சி உருவானது 2021 நவம்பரில். தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய 5 பேரூராட்சிகளும் சேர்ந்து 70 வார்டுகள். அந்த இணைப்பில் முடிச்சூரும் மேடவாக்கமும் வரவில்லை. ஒட்டியே இருக்கும் வரதராஜபுரம் வேறு மாவட்டம், காஞ்சிபுரம். கடிதத்தில் எல்லோரும் தாம்பரம் என்றுதான் எழுதுவார்கள்; குப்பை வண்டி, தெருவிளக்கு, வரி எல்லாம் வேறு வேறு அலுவலகம். எந்த உள்ளாட்சி, எந்த வட்டம் என்று வரி ரசீதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு சார்" என்றால் அப்படியே எழுந்து வந்துவிடலாம். மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இல்லை, சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அனுமதி எண்ணைக் கேளுங்கள்.

பழைய பத்திரத்தில் மாவட்டப் பெயர் மாறியிருக்கிறதே என்று பயப்படுவது இதற்கு நேர்மாறான தவறு. தாத்தா பத்திரத்தில் செங்கல்பட்டு, அப்பா பத்திரத்தில் காஞ்சிபுரம், உங்களுடையதில் மறுபடியும் செங்கல்பட்டு என்று இருந்தால் மோசடி ஒன்றும் இல்லை. 1997-இல் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைப் பிரித்துக் காஞ்சிபுரம் ஆக்கினார்கள், 2019-இல் அதைப் பிரித்து மீண்டும் செங்கல்பட்டு. நிலம் அங்கேயேதான் இருக்கிறது. பார்க்க வேண்டியது சர்வே எண்ணையும் வில்லங்கச் சான்றையும்.

கடை வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜி.எஸ்.டி. சாலையில் ஓடும் வண்டிகளை எண்ணி வாடகையை ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த வண்டிகள் நிற்பதற்காக வரவில்லை. வண்டி நிறுத்த இடமில்லாத கடைக்கு முன்னால் லட்சம் பேர் போனாலும் ஒரு டீ விற்காது. இங்கே காசு நடந்து வருகிறது. மாலையில் மின்சார ரயிலிலிருந்து இறங்கி, பஸ்ஸுக்கோ ஷேர் ஆட்டோவுக்கோ நடக்கிற வழியில் காய்கறி, பூ, பஜ்ஜி வாங்கிக்கொண்டு போகிற கூட்டம்தான் வியாபாரம். சண்முகம் சாலை நிரம்பி வழிவது அதனால்தான். ஒரே தெருவில் காலையில் ஸ்டேஷனுக்கு ஓடுகிறவர்கள் நடக்கும் ஓரம் ஒன்று, மாலையில் திரும்புகிறவர்கள் நடக்கும் ஓரம் வேறொன்று. டிபன் கடைக்கு முன்னது, மளிகைக்குப் பின்னது. ஒரு வாரம் எதிரே நின்று பாருங்கள், வாடகைக்கு நியாயம் புரியும்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை தனிக் கணக்கு. செடி, கோழி, புறா, பழைய நாற்காலி, எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று தெரியாத சக்கரம், எல்லாம் கிடைக்கும். புதிதாக வருகிறவர்கள் மதியம் வெயிலில் வந்து, முதலில் சொன்ன விலைக்கு மிக்ஸி வாங்கிக்கொண்டு போவார்கள். காலையிலேயே போங்கள், செருகிப் பார்க்காமல் மின்சாதனம் எதையும் தொடாதீர்கள்.

இன்னொன்று சொல்லியாக வேண்டும், கொஞ்சம் கோபத்தோடு. "நேற்று முளைத்த ஊர்தானே" என்று பேசுவது. இந்தப் பல்லாவரத்தில்தான் 1863-இல் ஆங்கிலேய நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். குரோம்பேட்டை என்ற பெயர் 1912-இல் வந்த குரோம் தோல் தொழிற்சாலையின் மிச்சம். அனகாபுத்தூர்த் தறிகளில் நெய்த துணி ஒரு காலத்தில் நைஜீரியாவுக்குக் கப்பலேறியது. நல்ல காற்று கிடைக்கும் என்று 1928-இல் டாக்டர் டேவிட் சவரிமுத்து காசநோயாளிகளுக்காக சானடோரியம் கட்டினார். இன்று அந்த வாசலில் நின்று மூச்சை இழுத்தால் டீசல்தான் வரும், அது வேறு விஷயம். சென்னை கடற்கரை ஸ்டேஷனிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல்.

ரயில் என்றதும் நினைவுக்கு வருகிறது: ஊருக்குப் போக எழும்பூரில் டிக்கெட் எடுத்துப் பெட்டியோடு அங்கே வரை போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தெற்கே போகும் வண்டிகளில் பலவும் தாம்பரத்தில் நிற்கின்றன, சில இங்கிருந்தே கிளம்புகின்றன. முன்பதிவில் ஏறும் இடத்தைத் தாம்பரம் என்று போட்டால் போதும். பஸ்ஸென்றால் 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு கணக்கு மாறிவிட்டது. விடிகாலை நாலு மணிக்குத் தெற்கிலிருந்து வரும் மாமாவிடம், முன்பு போலத் தாம்பரத்திலேயே இறங்கிவிடலாம் என்று சொல்லாதீர்கள். வண்டி கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து நகரப் பேருந்து உண்டு. ஏறும்போது அவரும் ஈஸ்ட்டா வெஸ்ட்டா என்று தெரிந்துகொண்டு ஏறட்டும்.