மார்கழியில் ஒரு நாள், தனியாக: சென்னைக் கச்சேரிகளுக்குப் போய்வருவது எப்படி

முதலில் திரும்பும் ரயிலை முடிவு செய்யுங்கள். எந்தக் கச்சேரி என்பதை அதற்கப்புறம் பார்க்கலாம். விழுப்புரம், காட்பாடி, அரக்கோணம், செங்கல்பட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு டிசம்பர் சங்கீத சீசன் ஒரே நாளில் போய்வரக்கூடியதுதான். ஆனால் பெரிய வித்வான்களின் கச்சேரி மாலை ஆறு, ஆறரைக்குத் தொடங்கி ஒன்பது வரை போகும். ஒன்பதரைக்கு எழும்பூரில் ரயில் என்றால் கச்சேரியின் உச்சமான ராகம் தானம் பல்லவி நடக்கும்போது எழுந்து ஓடத்தான் வேண்டும். கடைசி ரயில் சீக்கிரம் கிளம்பும் ஊர்க்காரர்கள் நாலு மணிக் கச்சேரியையே அன்றைய முக்கியக் கச்சேரியாக வைத்துக்கொள்வது நல்லது. வளர்ந்துவரும் நல்ல பாடகர்கள் பலரை அந்த நேரத்தில்தான் கேட்கலாம், கூட்டமும் குறைவு.

அடுத்தது வட்டாரம். ஒரு நாளைக்கு ஒரே வட்டாரம் போதும். மயிலாப்பூரில் கிழக்கு மாடவீதியில் பாரதிய வித்யா பவன், கொஞ்சம் தள்ளி ரசிக ரஞ்சனி சபா, நடந்தே மாறிக்கொள்ளலாம். டிடிகே சாலையில் மியூசிக் அகாடமியும் நாரத கான சபாவும். தி.நகரில் மகாராஜபுரம் சந்தானம் சாலையில் கிருஷ்ண கான சபா, ஜி.என்.செட்டி சாலையில் வாணி மகால். தி.நகரில் நாலு மணிக் கச்சேரியைக் கேட்டுவிட்டு மயிலாப்பூரில் ஆறரைக் கச்சேரிக்குப் போய்விடலாம் என்று வரைபடத்தைப் பார்த்துக் கணக்குப் போடுகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஐந்தரைக்கு மேல் அந்தச் சாலைகளில் ஆட்டோ நகராது. ஒரு கச்சேரியின் முடிவும் போகும், இன்னொன்றின் தொடக்கமும் போகும்.

மயிலாப்பூருக்குச் சென்ட்ரலில் இறங்குகிறவர்கள் பக்கத்திலேயே உள்ள பூங்கா நகர் நிலையத்தில் பறக்கும் ரயிலைப் பிடித்துத் திருமயிலையில் இறங்கினால் போதும். அகாடமிக்கு மெட்ரோவில் ஏ.ஜி. டிஎம்எஸ் வரை போய் அங்கிருந்து ஆட்டோ. தி.நகருக்கு மின்சார ரயிலில் மாம்பலம். தெற்கிலிருந்து பேருந்தில் வருவதைத் தவிர்க்கலாம். கிளாம்பாக்கத்தில் இறக்கிவிட்டால் அங்கிருந்து ஊருக்குள் வரவே தனியாக ஒரு பயணம் வேண்டும்.

காலையில் சீக்கிரம் வந்துவிட்டால் நேராகக் கபாலீசுவரர் கோயில் மாடவீதிகளுக்குப் போங்கள். மார்கழி விடியலில் பஜனை பாடிக்கொண்டு வீதி சுற்றும் வழக்கம் அங்கே உண்டு. பாடலாசிரியர் பாபநாசம் சிவன் பல ஆண்டுகள் நடத்திய பஜனை அது. அதற்கு ஊரிலிருந்து முதல் ரயிலில் வந்தாலும் நேரமாகிவிடும் என்றால், காலை எட்டு மணியளவில் அகாடமியில் நடக்கும் விளக்கவுரை நிகழ்ச்சிக்குப் போகலாம். 1927ல் சென்னையில் நடந்த இசை மாநாட்டிலிருந்து பிறந்து 1928ல் அமைந்தது அகாடமி. பாட்டோடு சேர்த்து இசை பற்றிய பேச்சையும் விவாதத்தையும் அது இன்றும் விடவில்லை.

டிக்கெட் விஷயத்தில் தனி ஆளுக்கு ஒரு வசதி உண்டு. பெரும்பாலான சபாக்களில் மதியக் கச்சேரிகளுக்குக் கட்டணம் கிடையாது, போய் உட்காரலாம். மாலைக் கச்சேரிக்கு இரண்டு இடம் சேர்ந்து கிடைக்காத நாளிலும் ஒற்றை இடம் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். காலையிலேயே கவுன்ட்டரில் கேட்டு வாங்கிவிடுங்கள். தாளம் போடும் பாடகரின் வலது கை தெரிகிற இடமாகப் பாருங்கள். வாசலுக்கு அருகில் ஓர இருக்கை கிடைத்தால் இன்னும் நல்லது, ரயிலுக்குக் கிளம்பும்போது பத்துப் பேர் முழங்காலைத் தாண்ட வேண்டியிருக்காது.

கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை கொஞ்சம்தான்: ஒரு சால்வை, குடை, தண்ணீர், சில்லறை நோட்டுகள், எழுதிக்கொள்ளச் சின்ன நோட்டுப் புத்தகம், பென்சில். ஏ.சி. அரங்கில் மூன்றாவது மணி நேரத்தில் குளிர் தாங்காது. டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை முடிந்திருக்காது. முந்தின நாள் வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம்.

சாப்பாட்டுக்குச் சபா கேன்டீன். கச்சேரிக்கு டிக்கெட் இல்லாதவர்களும் போகலாம். வாழையிலைச் சாப்பாட்டுக்கு ஒரு மணிக்குப் போனால் நாற்காலிக்குப் பின்னால் நின்று காத்திருக்க வேண்டும், பதினொன்றரைக்கே போய்விடுங்கள். தனியாகப் போகிறவர் டோக்கன் வாங்கும்போதே "ஒரே ஆள்" என்று சொன்னால் நடுவில் காலியான இடத்தில் உட்காரவைத்துவிடுவார்கள். முழுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு நேராக மதியக் கச்சேரிக்குப் போனால் ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனையிலேயே கண் சொக்கும். அடையும் அவியலுமாக முடித்துக்கொண்டு, சாப்பாட்டுக்குப் பதில் மாலையில் இன்னொரு டிபன் சாப்பிடுவதுதான் கேட்பதற்குச் சௌகரியம்.

ஒரு நாளில் இரண்டு கச்சேரி, மிஞ்சினால் மூன்று. அதில் ஒன்றையாவது தொடக்கத்தில் பாடும் வர்ணத்திலிருந்து கடைசியில் பாடும் மங்களம் வரை முழுதாகக் கேளுங்கள். துணைக்கு யாரும் இல்லாததன் பெரிய லாபமே இதுதான்: பக்கத்தில் இருப்பவர் நெளிகிறாரே என்று எழுந்திருக்க வேண்டியதில்லை.

தாளம் போடத் தெரியாதவர்கள் ஆதி தாளத்தோடு தொடங்கலாம். மொத்தம் எட்டு எண்ணிக்கை. உள்ளங்கையால் தொடையில் ஒரு தட்டு; அடுத்து சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று மூன்று எண்ணிக்கை; பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. வீச்சு என்பது கையைத் திருப்பிப் புறங்கை கீழே படும்படி போடுவது. ஓசை வரக் கூடாது. தாளம் தப்புவதற்குப் பெரும்பாலும் காரணம் வேகம்தான். பாட்டு சூடுபிடிக்கும்போது நம் கை முந்திக்கொள்ளும். அப்போது நிறுத்திவிட்டுப் பாடகரின் கையைப் பாருங்கள், அவர் முதல் தட்டுப் போடும்போது சேர்ந்துகொள்ளுங்கள். பாட்டின் முதல் பகுதியான பல்லவியின் சொல் அந்தத் தட்டிலேயே தொடங்க வேண்டும் என்றில்லை. அரை எண்ணிக்கை, ஒன்றரை எண்ணிக்கை தள்ளியும் எடுப்பார்கள். அது தப்பில்லை, எடுப்பு என்னும் அந்தத் தொடங்கும் இடமே அப்படித்தான்.

ராகத்தின் பெயரைச் சொல்லாமலே பாடிவிடுவார்கள். பல்லவியின் முதல் இரண்டு சொற்களை நோட்டில் எழுதிக்கொண்டால் வீட்டில் தேடிக்கொள்ளலாம். செல்போனில் தேடினால் அந்த வெளிச்சம் பின்வரிசைக்காரர்களின் கண்ணைக் குத்தும்.

கச்சேரியின் முக்கியப் பாட்டான பிரதான உருப்படிக்குப் பிறகு தனியாவர்த்தனம் வரும். மிருதங்கமும் கடமோ கஞ்சிராவோ சேர்ந்து கால் மணி நேரம் போல வாசிப்பார்கள். பலரும் அந்த நேரத்தில்தான் காபி குடிக்க எழுந்து போகிறார்கள். தயவுசெய்து போகாதீர்கள். எவ்வளவோ உழைத்து வந்த கலைஞர்களுக்கு அன்றைக்குக் கிடைப்பது அந்தப் பதினைந்து நிமிடம்தான். கேட்பவருக்கும் அதில் பிடிமானம் உண்டு: குறைப்பு வரும்போது ஆளுக்கு மாறி மாறி வாசிக்கும் சுற்று சுருங்கிக்கொண்டே போகும், பிறகு இருவரும் சேர்ந்துகொள்வார்கள், கோர்வை என்னும் கடைசித் தாளக்கட்டு முடிகிற இடத்தில் பாடகர் பாட்டை எடுப்பார். கை எண்ணிக்கை அதுவரை தப்பாமல் இருந்தால் அந்த இடம் உங்களுக்கே முன்கூட்டித் தெரியும்.

கிளம்ப ஏற்ற நேரம் அதற்கப்புறம் வரும் துக்கடாக்கள் என்னும் சின்னப் பாட்டுகளுக்கு நடுவே. ஒரு பாட்டு முடிந்து கைதட்டல் எழும்போது எழுந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. கதவருகே போனதும் அடுத்த பாட்டு தொடங்கிவிட்டால் அது முடியும்வரை அங்கேயே நில்லுங்கள். அதற்கென்று பத்து நிமிடத்தைக் கணக்கில் வைத்திருங்கள். கச்சேரி விட்டதும் வாசலில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆட்டோ தேடுவார்கள். தனியாகத் திரும்பும் பெண்கள் வெளிச்சமுள்ள சபா வளாகத்துக்குள் நின்றபடியே வண்டியைப் பதிவு செய்து, அது வாசலுக்கு வந்தபிறகு வெளியே வரலாம். எழும்பூரானாலும் சென்ட்ரலானாலும் ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்பே சபாவை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.